மூணு சுழி

கறுப்புக் கரை போட்டால் சாவு.
ரோஸ் கலர் என்றால் சடங்கு.
தலைவர் படம் பெரிசாக இருந்தால் அவருக்குப் பிறந்தநாள்,
மூலையில் சின்னதாக இருந்தால்
ஒட்டச் சொன்னவனுக்குப் பிறந்தநாள்.
எழுத்துத் தெரியாமல் பத்தொன்பது வருசம்
செல்லூர்ச் சுவர்களை நான் இப்படித்தான் படித்தேன்.

அன்றைக்குக் கொடுத்தது மஞ்சள் தாளில் சிவப்பு எழுத்து.
கண்டனம். யாருக்கென்று நான் கேட்பதில்லை.
நூற்றைம்பது தாள், ஐந்நூறு ரூபாய்,
மைதாவும் மயில்துத்தமும் என் செலவு.
கல்பாலத்தில் தொடங்கி
குலமங்கலம் ரோடு முடிகிறவரை ஒட்டிவிட்டு
விடியும்போது வந்து படுத்தேன்.

எழுப்பியது மகள்.
"எங்க டீச்சரைத் திட்டி ஒட்டியிருக்காங்கப்பா."

சீருடையோடு ஆறு வருசம் போன பள்ளியில்
அனாவுக்கும் ஆவன்னாவுக்கும் நடுவே தொங்கிக் கிடந்த பிள்ளை.
எப்சிபா டீச்சரின் மாடியில்,
தறிச் சத்தத்துக்கு மேலே, எட்டு மாதம்.
இப்போது பஸ் போர்டு, மாத்திரை அட்டை, கரண்ட் பில்,
நான் கைநாட்டு வைத்த கடன் தாளில் பொடி எழுத்து.
அவள் படித்த பிறகுதான் தெரிந்தது,
வட்டி மூணில்லை, அஞ்சு.

அந்த மாடிக்கு அங்கீகாரம் இல்லையாம்.
அதிகாரி வந்தார்.
கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று,
விளையாட்டு மைதானம் எத்தனை சென்ட் என்றார்.
"ஒரு பிள்ளையக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிப் பாருங்க சார்."
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
பூட்டினார். அரக்கு உருக்கினார்.

கேபிளில் ஏழு மணிக்குப் பூட்டைக் காட்டினார்கள்,
மறுபடி பூட்டை, கிட்டத்தில் பூட்டை.
எட்டு மணிக்கு விவாதம்:
நாலு பேர், நாலு சட்டை, ஒரே வாய்.
மறுநாள் டீக்கடையில்
கிளாஸ் சூடு ஆறுமுன் தீர்ப்பு வந்துவிட்டது.
தீர்ப்புச் சொன்னவர்களில் ஒருத்தர்
அந்த மாடிப்படி எந்தப் பக்கம் என்று
என்னிடம்தான் கேட்டார்.

ராத்திரி வாளித் தண்ணீரும் கொத்துக்கரண்டியுமாகச்
சுரண்டப் போனேன்.
சுவரோரம் டீச்சர் நின்றிருந்தார், கண்ணாடியைத் துடைத்தபடி.

"கிழிக்காதீங்க ஒச்சு.
எழுதுனது அவங்க இஷ்டம். ஒட்டுனது உங்க கூலி.
படிக்கிறது எங்க பாடு."

மறுநாள் சாயங்காலம் பதினேழு பிள்ளைகள்
அந்தச் சுவருக்கு முன்னால், கையில் சாக்பீஸ்.
'வண்மையாகக் கண்டிக்கிறோம்.'
விருமாண்டி மகன் கையைத் தூக்கினான்.
"ரெண்டு சுழி வரணும் டீச்சர், மூணு சுழி போட்டிருக்காங்க."
"மூணு சுழி போட்டா என்ன பொருள்?"
"கொடை. வாரிக் கொடுக்கிறது."
"அப்ப வாரி வழங்கித்தான் கண்டிக்கிறாங்க.
கண்டிக்கட்டும்."
எதிர்க்காலத்தில் ஒரு க்-கை அடித்தார்கள்.
போலி பள்ளிக்கு நடுவில் ஒரு ப்-பைச் சொருகினார்கள்.

ரோந்து வந்த ஏட்டு, என்ன கூட்டம் என்றார்.
"படிக்கிறோம்" என்றாள் என் மகள்.
சுவரைப் படிக்க அனுமதி வாங்க வேண்டுமா என்று
அவர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது.
பிறகு அவரும் ரெண்டு வரி படித்துவிட்டுப் போனார்.

பூட்டு இன்னும் தொங்குகிறது.
மழையில் அரக்கு வெளுத்திருக்கிறது.

போன வாரம் அதே சங்கத்து ஆள்
அடுத்த கண்டனத்தோடு வீட்டுக்கு வந்தான்.
"அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி
ஒருதரம் பாத்துக் குடு பாப்பா."
பிழைக்கு ரெண்டு ரூபாய் என்றாள்.
பேரம் பேசவில்லை. பதினாலு பிழை.
தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னாள்:
"ஆறாவது வரி பொய்.
அதுக்குக் காசு வேணாம்,
அத நான் தொடல."

இருபத்தெட்டு ரூபாயை எண்ணி வைத்துவிட்டு
அந்த வரியைப் பார்த்தபடி நின்றான்.
ரொம்ப நேரம் நின்றான்.
நான் மைதா காய்ச்ச அடுப்பை மூட்டினேன்.